வல்லாரை: ஈரமண்ணின் ஒற்றையிலைக் கீரை

வல்லாரை தரையோடு ஓடிப் படரும் பல்லாண்டுக் கீரை. மரநிழல் விழும் ஓடைக்கரை, ஊற்றுக் கசியும் பாறையடி, தேயிலைச் சரிவின் வடிகால், சோலைக்காட்டை ஒட்டிய புல்வெளியின் தாழ்ந்த மூலை என்று மண் காயாத இடமெல்லாம் அதற்கு ஏற்ற இடம். சமவெளியில் வயல்வரப்பிலும் குளக்கரையிலும் வளர்வதும் இதே செடிதான். ஆனால் அங்கே வெயில் ஏற ஏற இலை சிறுத்து, காம்பு குறுகி, ஓரம் சிவந்துவிடுகிறது. மலைநிழலில் வளர்ந்தது அப்படியில்லை. காம்பு ஒரு சாண் நீளத்துக்குக்கூட நிமிர்கிறது. இலை அகன்று இளசாக இருக்கிறது. ஏற்காடு, கொல்லிமலை, வால்பாறை, கூடலூர் பக்கத்திலும் இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் ஒரு கட்டு வல்லாரை வாங்கியவர்களுக்கு இந்த வேறுபாடு கையிலேயே தெரியும். இந்தியாவில் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம் வரை இது தானாக வளர்கிறது.

தமிழில் ‘ஆரை’ என்று முடியும் பெயர்கள் மூன்று உண்டு: நீரில் வளரும் ஆரைக்கீரை, புளிக்கும் புளியாரை, கசக்கும் வல்லாரை. மூன்றும் ஈரத்தில் படர்பவை என்பதைத் தவிர உறவு எதுவும் இல்லை. ஆரைக்கீரை பூவே பூக்காத பெரணி இனம்; புளியாரை வேறொரு குடும்பம்; வல்லாரையோ கொத்தமல்லி, சீரகம், கேரட் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. காம்பின் நுனியில் ஆரைக்கு நான்கு சிற்றிலைகள், புளியாரைக்கு மூன்று, வல்லாரைக்கு ஒன்றே ஒன்று. கன்னடத்தில் இதை ‘ஒந்தெலகா’ என்பதும் இந்த ஒற்றை இலையை வைத்துத்தான். வடமொழியில் மண்டூகபர்ணி, அதாவது தவளையிலை. சிங்களத்தில் கொட்டுகொல, மலாயில் பெகாகா, வியட்நாமியத்தில் ராவ் மா. தாவரவியல் பெயர் செண்டெல்லா ஏசியாட்டிகா. 1753இல் லின்னேயஸ் இதை ஹைட்ரோகாட்டைல் என்ற பேரினத்தில் சேர்த்திருந்தார். 1879இல் இக்னாஸ் உர்பன் அதைப் பிரித்து செண்டெல்லாவுக்கு மாற்றினார். இந்தப் பழைய கதை வெறும் ஏட்டுச் செய்தி அல்ல. லின்னேயஸ் ஒன்றாகக் கருதிய அந்த இரண்டு பேரினங்களையும்தான் இன்றும் கீரை பறிப்பவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள்.

இனங்காணல்

இலையை மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது; முதலில் தண்டைத் தேடவேண்டும். இலைக்கூட்டத்தை விலக்கினால் மண்ணை ஒட்டி மெல்லிய ஓடுதண்டு ஒன்று தெரியும். நூலைவிடச் சற்றே தடித்தது, பச்சையாகவோ செந்நிறமாகவோ இருக்கும். அதை விரலால் தொட்டுக்கொண்டே போனால் சிறிது தூரத்துக்கு ஒரு கணு வரும். அந்தக் கணுவின் அடியில் வெள்ளை வேர்க்கொத்து மண்ணைப் பிடித்திருக்கும். மேலே இரண்டு மூன்று இலைகள் ஒரே இடத்திலிருந்து கிளம்பியிருக்கும். அங்கிருந்து தண்டு மறுபடி ஓடி அடுத்த கணுவில் இறங்கும். இப்படி நான்கைந்து செடிகள் ஒரே நூலில் கோத்ததுபோல வந்தால் பாதி அடையாளம் உறுதி.

மீதி இலையில் இருக்கிறது. வட்டமும் சிறுநீரக வடிவமும் கலந்த இலை, பெரும்பாலும் 2 முதல் 5 சென்டிமீட்டர் அகலம். விளிம்பு முழுக்க மழுங்கிய பற்கள், ஒரே அளவில், வரிசையாக. காம்பு சேரும் இடத்தில் இலை உள்வாங்கிப் பிளந்திருக்கும். அந்தப் பிளவின் உச்சியில் காம்பு பொருந்தி, அங்கிருந்து நரம்புகள் விரித்த விரல்களைப்போல ஓரத்துக்குப் போகும். மேற்பரப்பு வழவழப்பானது. பூவைத் தேடிக் கண்டுபிடிப்பவர்கள் குறைவு, ஏனென்றால் அது இலைக்கு அடியில் தரையோடு ஒளிந்திருக்கும். இளஞ்சிவப்பான, கடுகளவுப் பூக்கள் இரண்டு மூன்று சேர்ந்த சிறு கொத்து. பிறகு தட்டையான, வரியோடிய காய். கடைசியாக இலையைக் கசக்கி முகர்ந்து பார்க்கவேண்டும். கொத்தமல்லித் தழையின் தூரத்துச் சாயல் போன்ற மெல்லிய பசுமணம் வரும். நுனியைக் கடித்தால் முதலில் லேசான துவர்ப்பு, பின்னால் கசப்பு. அடையாளம் உறுதியாகும் முன் கடித்துப் பார்ப்பது மட்டும் வேண்டாம்.

மலையில் மிகுதியாக ஏமாற்றுவது ஹைட்ரோகாட்டைல் இனங்கள். அவையும் அதே ஈரத்தில், அதே நிழலில், பல இடங்களில் வல்லாரையோடு பின்னிக்கொண்டே படர்கின்றன. மேற்குத்தொடர்ச்சி மலையில் சாதாரணமாகக் காணப்படும் ஹைட்ரோகாட்டைல் ஜவானிகாவின் இலையில் ஐந்து முதல் ஏழு மூலைகள் மடல் மடலாகப் பிரிந்திருக்கும். இலையில் மெல்லிய முடி இருக்கும். பூக்கள் பல சேர்ந்து சிறு உருண்டையாக நிற்கும். வல்லாரை இலையில் மடல் இல்லை, பல் மட்டுமே. கணுவையும் பார்க்கலாம்: ஹைட்ரோகாட்டைலில் காம்படியில் சிறிய சவ்வுபோன்ற செதில் தனியாக இருக்கும், வல்லாரையில் காம்பின் அடியே அகன்று தண்டைத் தழுவியிருக்கும்.

நாற்றுப்பண்ணைகளில் ‘வல்லாரை’ என்று விற்கப்படும் செடிகளில் ஒரு பகுதி வல்லாரையே அல்ல. வட்டமான, பளபளக்கும், காசு போன்ற இலை. காம்பு இலையின் நடுவில் குடைக்கம்புபோல ஒட்டியிருக்கும். மீன்தொட்டிக்கும் அழகுக்கும் வளர்க்கப்படும் வேறு ஹைட்ரோகாட்டைல் அது. வாங்கும்போது இலையைத் திருப்பிப் பார்த்தால் போதும்: காம்பு நடுவில் இருந்தால் அது வேறு, பிளவில் இருந்தால் வல்லாரை. புல்தரைபோலப் படரும் டைக்காண்ட்ராவின் இலை விளிம்பில் பல்லே கிடையாது. சமவெளியில் எலிச்செவி தொந்தரவு செய்யும். அதன் மஞ்சள் பூ காட்டிக்கொடுத்துவிடும்.

பெயரில் வரும் குழப்பம் இன்னொன்று. வடஇந்தியக் கடைகளில் ‘பிராமி’ என்ற பெயரில் வல்லாரைப் பொடியும் கிடைக்கும், நீர்ப்பிரமிப் பொடியும் கிடைக்கும். கேரளத்திலும் தமிழகத்திலும் பிரமி என்றால் பெரும்பாலும் நீர்ப்பிரமிதான். சதைப்பற்றுள்ள சின்னஞ்சிறு இலைகள் எதிரெதிராக அமைந்த வேறு செடி. பொடியாக வாங்கினால் கண்ணால் வேறுபடுத்த வழியில்லை. பச்சையாக வாங்குவதே நல்லது என்பதற்கு இது ஒரு காரணம்.

எங்கே பறிக்கலாம், எங்கே கூடாது

வல்லாரை நல்ல கீரையா இல்லையா என்பதைச் செடி தீர்மானிப்பதில்லை, அது நின்ற மண்ணும் நீரும் தீர்மானிக்கின்றன. ஈரத்தைத் தேடிப்போகும் செடி சாக்கடை ஓரத்தையும் விடாது. அங்கே இன்னும் செழிப்பாகவே வளரும். மண்ணிலுள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும் இயல்பும் இதற்கு உண்டு. கழுவினால் அழுக்கு போகும், உலோகம் போகாது. ஆகவே நெடுஞ்சாலையோரம், பட்டறைகளின் கழிவுநீர் ஓடும் இடம், ஊர்ச்சாக்கடை கலக்கும் ஓடை ஆகியவற்றில் எவ்வளவு தளதளவென்று நின்றாலும் கைவைக்கக்கூடாது.

தேயிலைத் தோட்டங்களில் கவனிக்கவேண்டியது மருந்து. இலங்கை மலையகத்தில் ‘கான்’ என்று சொல்லப்படும் வடிகால்களில் வல்லாரை தானாகப் படர்ந்துகிடக்கும். தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளில் அதைக் கிள்ளிவந்து சமைப்பது பழைய வழக்கம். ஆனால் மேட்டில் அடித்த களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் மழையோடு இறங்கிச் சேரும் இடமும் அந்தக் கான்தான். சுற்றியுள்ள புல் ஒரே சீராக மஞ்சளித்துக் கருகியிருந்தால் அண்மையில் மருந்து அடித்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படித் தெரியாவிட்டாலும் தோட்டத்தில் வேலை செய்பவர்களைக் கேட்காமல் பறிக்கக்கூடாது. தேயிலைக்கு மேலே, ஊற்று தொடங்கும் இடத்தில் பறிப்பது மருந்தைப் பொறுத்தவரை பாதுகாப்பு.

மூன்றாவது ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. மாடும் ஆடும் மேய்ந்து நீர்குடிக்கும் சதுப்பில் கல்லீரல் தட்டைப்புழுவின் இளம்பருவம் நீர்ச்செடிகளின் இலையில் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். அந்த இலையைப் பச்சையாகத் தின்றால் புழு உடலுக்குள் போய்விடும். உப்புநீரில் அலசுவதை முழுப்பாதுகாப்பாக நம்பமுடியாது. வேகவைத்தால் அது சாகும். எனவே மேய்ச்சல் நிலத்து வல்லாரைக்கு அடுப்பு கட்டாயம். பச்சையாகச் சாப்பிட வீட்டுத் தொட்டியிலோ சுத்தமான நீர் பாயும் பாத்தியிலோ வளர்த்ததை மட்டும் எடுக்கவேண்டும்.

காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் பறிப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் நினைவில் வைக்கவேண்டும். பட்டா நிலத்திலும் சந்தையிலும் தாராளமாகக் கிடைக்கும் கீரை இது.

பறிக்கும் முறை எளிது. செடியைப் பிடித்து இழுத்தால் கணுவோடு வேரும் வந்துவிடும். அடுத்தமுறை அந்த இடம் வெறுமையாக இருக்கும். காம்பின் அடியில் நகத்தால் கிள்ளவேண்டும், அல்லது கத்தரிக்கோலால் நறுக்கவேண்டும். ஒரு கணுவில் மூன்று இலை இருந்தால் இரண்டை எடுத்து இளசான ஒன்றை விட்டுவைத்தால் செடி தளராது. மழைக்காலத்தில் குனிந்து பறிப்பவர் கைக்கும் காலுக்கும் அட்டை ஏறும். உப்பு முடிச்சு ஒன்று கூடையில் இருப்பது நல்லது.

ஆய்வதும் சமைப்பதும்

வீட்டுக்கு வந்ததும் கீரையை ஆயும்போதே இரண்டாவது சோதனையும் நடக்கவேண்டும். கட்டில் கலந்துவந்த பிற இலைகள் அகப்பைக்குப் போகும் முன் இங்கேதான் அகப்படும். மஞ்சளித்தவை, ஓட்டை விழுந்தவை, முற்றித் தோல்போல ஆனவை கழிய, மீதியைக் காம்போடு வைத்துக்கொள்ளலாம். இளங்காம்பை எறிவது வீண். துவையலுக்கும் சாற்றுக்கும் அதுவும் சேரும். அகலமான பாத்திரத்தில் நிறைய நீர்விட்டு, கீரையை மேலே மிதக்கவிட்டு அலசி, கீரையை எடுத்த பிறகே நீரைக் கொட்டவேண்டும். நீரோடு சேர்த்துச் சாய்த்தால் அடியில் இறங்கிய மணல் மறுபடி இலையில் ஏறிவிடும். மூன்று முறை நீர் மாற்றவேண்டியிருக்கும்.

வல்லாரைச் சமையல் முழுவதும் ஒரே சிக்கலைச் சுற்றியே நடக்கிறது: கசப்பை என்ன செய்வது? ஊருக்கு ஊர் விடை வேறு. தேங்காயால் மூடுபவர்கள், புளிப்பால் வெட்டுபவர்கள், பருப்பில் கரைப்பவர்கள், மோரில் ஆற்றுபவர்கள் என்று நான்கு வகையினர்.

யாழ்ப்பாணத்து வல்லாரைச் சம்பல் முதல் இரண்டையும் சேர்த்துக்கொள்கிறது. கழுவிய இலைகளை நீர்போக உதறி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இறுகச் சுருட்டி, இடக்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கூரான கத்தியால் நூல்நூலாக அரியவேண்டும். எவ்வளவு மெல்லிதாக விழுகிறதோ அவ்வளவு கசப்பு குறைவாகத் தெரியும். தடித்து விழுந்தால் வாயில் புல்லாக நிற்கும். மொட்டைக் கத்தி இலையை அரியாமல் நசுக்கிவிடும், நசுங்கிய இலை சீக்கிரம் கறுக்கும். அரிந்த குவியலில் துருவிய தேங்காய்ப்பூ, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு போட்டு விரல்நுனியால் பிசறி, பரிமாறப்போகும் நேரத்தில் தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு, விடவேண்டும். விரும்புகிறவர்கள் இடித்த மாசிக் கருவாடு சேர்ப்பார்கள். இலை இரண்டு கைப்பிடி என்றால் தேங்காய்ப்பூ ஒரு கைப்பிடி சரியாக வரும். இது பச்சை உணவு. முன்சொன்ன எச்சரிக்கை இங்கே முழுமையாகப் பொருந்தும். சந்தேகமான கீரை என்றால் அரிந்த இலையைச் சட்டியில் ஓரிரு துளி நீர்விட்டு நன்றாக வேகும்வரை வதக்கி, பிறகு மற்றவற்றைச் சேர்க்கலாம். சுவை கொஞ்சம் மாறும், வயிறு நிம்மதியாக இருக்கும்.

இலைக்கஞ்சியும் இலங்கையின் கொடைதான், சிங்களத்தில் கொலகந்த. சிவப்பரிசியை உள்ளிப்பூண்டோடு குழைய வேகவைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி, கடைசியில் அரைத்துப் பிழிந்த வல்லாரைச் சாற்றை விட்டு ஒரு கொதியோடு இறக்குவார்கள். சாற்றை முன்னாலேயே ஊற்றினால் பச்சை நிறம் மங்கிப் பாசிநீர்போல ஆகிவிடும். உப்புப் போட்ட இந்தக் கஞ்சியைக் கித்துள் வெல்லத்தைக் கடித்துக்கொண்டு காலையில் குடிப்பது வழக்கம்.

தமிழகத்தில் துவையலே முதலிடம். உளுத்தம்பருப்பையும் காய்ந்த மிளகாயையும் எண்ணெயில் சிவக்க வறுத்து எடுத்து, அதே சட்டியில் கீரையைச் சுருளும்வரை வதக்கி, தேங்காய், உப்பு, சிறிது புளி சேர்த்துக் கரகரப்பாக அரைப்பது. இந்தச் ‘சிறிது புளி’யை வைத்து வீடுகளில் சச்சரவு உண்டு. வல்லாரையோடு புளி சேர்த்தால் குணம் கெட்டுவிடும் என்பது பரவலான நம்பிக்கை. சித்த மருத்துவத்தில் மருந்தாக உண்பவருக்குச் சொல்லப்படும் பத்தியம் அடுப்படிக்கு வந்து பொதுவிதியாகிவிட்டது என்று கொள்வதே பொருத்தம். கீரையாக உண்பவர் புளிக்கு அஞ்சவேண்டியதில்லை. சங்கடமாக இருந்தால் எலுமிச்சையால் முடித்துக்கொள்ளலாம். பாசிப்பருப்போடு கூட்டும், தோசைமாவில் அரைத்துவிட்ட பச்சைத்தோசையும் கசப்புக்குப் பழகாத குழந்தைகளுக்கு ஏற்றவை. கர்நாடகத்தின் மலைநாட்டிலும் கரையோரத்திலும் செய்யும் தம்புளி வெயில்காலத்துக்கு உரியது: இலையைச் சீரகம், மிளகோடு நெய்யில் வதக்கி, தேங்காயோடு அரைத்து, மோரில் கலக்கி, தாளித்து, கொதிக்கவைக்காமல் அப்படியே சோற்றில் ஊற்றிக்கொள்வது.

மருந்து என்ற பேச்சு

வல்லாரை உண்டவனிடம் மல்லாடாதே என்பது பழமொழி. அது பேசுவது உடல்வலிமையை. கடைகளில் விற்கும் மாத்திரைகளின் அட்டையில் இருப்பதோ நினைவாற்றல். நம்பிக்கை பழையது என்றாலும் சான்று இன்னும் மெலிந்தே இருக்கிறது: 2017இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, வல்லாரை தந்தவர்களுக்கும் வெற்று மருந்து தந்தவர்களுக்கும் அறிவாற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே கண்டது. தேர்வுக்கு முந்தைய வாரம் பிள்ளைகளுக்கு அரைத்துப் புகட்டுவதால் மதிப்பெண் கூடும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

தோலைப் பொறுத்தவரை நிலைமை வேறு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மொரீஷியஸிலும் சென்னையிலும் தொழுநோய்க்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். புதுச்சேரியில் மருந்தாளராக இருந்த ழூல் லெப்பீன் 1855இல் இதைப் பகுத்தாய்ந்து, தாம் பிரித்த பொருளுக்கு ‘வெல்லரின்’ என்று பெயரிட்டார். தமிழ்ப் பெயரே வேதிப்பெயரானது. தொழுநோய் அதனால் தீரவில்லை. ஆனால் பின்னர் இலையிலிருந்து பிரிக்கப்பட்ட ஏசியாட்டிகோசைடு, மடகாசோசைடு முதலிய பொருள்கள் புண் ஆற்றும் களிம்புகளில் இடம்பிடித்தன. இன்று கொரிய முகப்பூச்சுகளில் ‘சிகா’ என்று அச்சிட்டிருப்பதும் இதே செடியின் சாறுதான்.

கீரையாக வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒரு கைப்பிடி அளவில் உண்பது வேறு. செறிவூட்டிய மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவது வேறு. அர்ஜென்டினாவில் வல்லாரை மாத்திரை உட்கொண்ட மூன்று பெண்களுக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டு, மாத்திரையை நிறுத்தியதும் சரியானதாக 2005இல் மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. கல்லீரல் நோய் உள்ளவர்கள், கருவுற்றிருப்பவர்கள், தூக்க மாத்திரை எடுப்பவர்கள் பொடியையும் மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

சேமிப்பும் வளர்ப்பும்

பறித்த வல்லாரை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். காயவைப்பது நிழலில்தான், வெயிலில் நிறமும் மணமும் போய்விடும். காய்ந்ததும் எடை ஏழெட்டில் ஒரு பங்காகச் சுருங்குவதால் ஒரு டப்பா பொடிக்கு ஒரு கூடை இலை வேண்டும். அவ்வளவு உழைத்தும் கிடைப்பது பச்சை இலையின் சுவையில் பாதிகூட இல்லை.

அதைவிடத் தொட்டியில் வளர்ப்பது நல்லது. சந்தைக் கட்டில் வேரோடு வந்த கணு ஒன்று இருந்தாலே போதும். ஆழத்தைவிட அகலம் கூடிய தொட்டியில், மண்ணும் மட்கிய எருவும் கலந்து, கணுவைப் பதித்து, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைக்கவேண்டும். தண்ணீர் தேங்கவேண்டாம், ஆனால் மேல்மண் ஒருநாளும் காயக்கூடாது. இரண்டு மூன்று மாதத்தில் முதல் பறிப்புக்கு வரும். பிறகு மாதம் ஒருமுறை எடுக்கலாம். இலை சிறுத்துக் காம்பு குட்டையானால் வெயில் அதிகம் என்று பொருள். தொட்டியை நிழலுக்கு நகர்த்தவேண்டும். விளிம்பைத் தாண்டித் தொங்கும் ஓடுதண்டை வெட்டி எறியவேண்டியதில்லை. பக்கத்தில் இன்னொரு தொட்டியை வைத்து, கணு அதன் மண்ணில் படும்படி ஒரு சிறு கல்லை மேலே வைத்தால், சில வாரத்தில் வேர்விட்டுவிடும். புது இலை வந்த பிறகு இரண்டு தொட்டிக்கும் நடுவே தண்டை நறுக்கிவிடலாம்.